ரசமட்டம் பூசிய சுவர்

பக்கத்து வீட்டுக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. மேலே இருந்தது அண்ணன் பூட்டு, பித்தளை. கீழே இருந்தது தம்பி பூட்டு, இரும்பு. அண்ணன் சாவி தம்பியிடம் கிடையாது, தம்பி சாவி அண்ணனிடம் கிடையாது. இருவரும் சேர்ந்து வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். அவர்கள் சேர்ந்து வருவதாவது! அண்ணன் உட்கார்ந்து எழுந்த பெஞ்சில் தம்பி உட்காரமாட்டார், சூடு ஆறட்டும் என்று நிற்பார். ஒன்பது வருஷமாகக் கதவு அப்படியே கிடந்தது.

உள்ளே இருந்ததெல்லாம் பழைய பேப்பர்தான். அவர்களுடைய அப்பா அந்த வீட்டைப் பேப்பர் கிடங்காக வைத்திருந்தார். ஆள் உயரத்துக்குக் கட்டுக் கட்டாகப் பொதுச்சுவரை ஒட்டி அடுக்கியிருந்தார். அவர் கண்ணை மூடியதும் வீடு யாருக்கு என்று கேஸ் ஆகிவிட்டது. பேப்பரை விற்றால் காசை யார் எடுப்பது என்று அதிலும் ஒரு கேஸ். கேஸ் நடக்க நடக்க ஓடு சரிந்தது. ஓடு சரிந்த வழியாக மழை இறங்கியது. பேப்பர் குடித்த தண்ணீரை லேசில் விடாது. ஊதும், கனக்கும், பக்கத்தில் இருப்பதைத் தள்ளும்.

அந்தத் தள்ளலை வாங்கிக்கொண்டு நின்ற சுவருக்கு இந்தப் பக்கம் ரசமட்டத்தின் வீடு.

ரசமட்டம் என்பது சுவர் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி; அந்த வீட்டுக் கொத்தனாருக்கு ஊர் வைத்த பெயர் அது. எங்கே எது கோணலாக இருந்தாலும் அவர் கண்ணில் முள்ளாகக் குத்தும். டீக்கடைக்குப் போனால் டீ சொல்வதற்கு முன்னால் சுவரில் மாட்டிய காலண்டரை நேராக்குவார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே, "நர்சம்மா, அந்த ஜன்னல் ஒரு நூல் சாஞ்சிருக்கு" என்று சொன்ன ஆள். பூச்சு வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதை மற்ற கொத்தனார்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரு கொத்தனார் இன்னொரு கொத்தனாரை ஒப்புக்கொள்வது எவ்வளவு அபூர்வம் என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

அவர் மனைவி தையல்காரி. ஆஸ்பத்திரிக்குப் போகும் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் மடித்துத் தைப்பாள். திங்கட்கிழமை வேன்காரர் துணிக்கட்டை இறக்கிவிட்டுப் போவார், சனிக்கிழமை சாயங்காலம் தைத்ததை ஏற்றிக்கொண்டு போவார். எல்லாம் வெள்ளை. அதனால் வீட்டில் யாரும் எண்ணெய்க் கையோடு நடமாட முடியாது. ஒரு விரிப்பில் ஒரு புள்ளி இருந்தாலும் வேன்காரர் அதைத் தனியாக உதறிப் போட்டுவிடுவார். இரண்டு தடவை அப்படி ஆனால் மூன்றாம் தடவை துணி வராது.

வீட்டில் மூன்றாவது ஆள் நாத்தனார், ரசமட்டத்தின் அக்கா. கல்யாணம் கட்டாதவள். முப்பது வருஷம் பாட்டில் கழுவும் கம்பெனியில் நின்றவள். அங்கே மிஷின் போட்ட சத்தத்தில் வலது காது போய்விட்டது. அந்தச் சம்பளத்தில்தான் இந்த இரண்டு அறை வீட்டையே வாங்கினாள். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவாள்.

"ஏ தையல்காரி, டீயில சர்க்கரை போட்டியா, சர்க்கரைக்குச் சேதி சொல்லி விட்டியா?"

"டாக்டர் கம்மி பண்ணச் சொன்னார் அண்ணி."

"என்ன சொன்ன? இந்தப் பக்கம் வந்து சொல்லு. அந்தக் காதை மூடி வருஷம் ஆச்சு."

வேலையிலிருந்து நின்ற பிறகு கட்டிலில் உட்கார்ந்து, தைத்த விரிப்புகளில் நூல் பிசிறு வெட்டுவதை நாத்தனார் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு தூக்கம். இடது பக்கமாக ஒருக்களித்து, நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுப்பாள். "நல்ல காதைத் தலையணைகிட்ட குடுத்துட்டேன்னா உங்க ரெண்டு பேர் சண்டையும் எனக்கு இல்ல" என்பாள். அப்படிப் படுத்துவிட்டால் தோளைத் தொட்டு உலுக்கித்தான் எழுப்ப வேண்டும்.

அவள் கட்டில் கிடந்தது உள் அறையில், பொதுச்சுவரை ஒட்டி.

ஈரம் முதலில் தெரிந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். சுவரில் ஒரு தேசப்படம் மாதிரி கறை ஏறியது. அதன் ஓரத்தில் உப்புப் பூத்தது, நடுவில் பூஞ்சை கருத்தது. உள் அறையில் அடுக்கியிருந்த விரிப்புகளில் புள்ளி விழுந்து ஒரு வாரத் துணி திரும்பி வந்தது. அன்றைக்கே ரசமட்டம் சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணன்காரரைப் பார்க்கப் போனார். துணைக்குத் தையல்காரியும் போனாள்.

அண்ணனுக்கு மருந்துக்கடை. மரியாதையில் குறை வைக்காத மனிதர். நாற்காலி போட்டார், டீ சொன்னார்.

"ஒரே ஒரு நாள் கதவைத் திறந்து விடுங்கண்ணே. ஓடு நான் வாங்கிப் போடறேன், கூலி வேண்டாம். அந்தப் பேப்பர் கட்டை மட்டும் சுவரை விட்டு ரெண்டடி தள்ளி வச்சுட்டு வந்துடறேன்" என்றார் ரசமட்டம்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியாதா? என் பூட்டை இப்பத் திறக்கச் சொல்லுங்க, இப்பத் திறக்கறேன். கீழ தொங்குறதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அவனை வரச் சொல்லுங்க."

தம்பிக்கு லாரி புக்கிங் ஆபீஸ். அங்கே டீயும் இல்லை, நாற்காலியும் இல்லை.

"மொதல்ல அவர் வரட்டும். நான் திறந்து அவர் திறக்கலைன்னா நான் இறங்கி வந்ததா ஆயிடும். வெளியாள் ஒருத்தன் உள்ள கால் வச்சாலே கேஸ் கெட்டுடும்னு வக்கீல் சொல்லியிருக்கார்."

"உங்க கேஸ் கெடாம இருக்க எங்க சுவர் கெடணுமா தம்பி?" என்று கேட்டாள் தையல்காரி.

"அது எங்க சுவரும்தானே? எங்களுக்கு அக்கறை இல்லையா?"

வந்த வழியே திரும்பினார்கள்.

அந்த மழைக்கு ரசமட்டம் ஒரு காரியம் செய்தார். தன் மொட்டைமாடியிலிருந்து பக்கத்துக் கூரையில் இறங்கி, சரிந்த ஓட்டின் மேல் தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்டிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. கூரை ஏறி உள்ளே இறங்கப் பார்த்தார் என்று தம்பிக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணன்காரர் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். ரசமட்டத்தைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தார்ப்பாயை அவர் கையாலேயே அவிழ்க்கச் சொன்னார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

அதன் பிறகு அவர் இரண்டு மாதம் டீக்கடைக்குப் போகவில்லை. மூன்றாம் மாதம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு உள் அறைச் சுவரில் கை வைத்தார்.

அந்த வேலையைத் தையல்காரி மறக்கமாட்டாள். கட்டிலையும் பெட்டியையும் வெளியே போட்டுவிட்டு, மக்கிய சுண்ணாம்புப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தார். உள்ளே பழைய காலத்துச் செங்கல், களிமண் வைத்துக் கட்டியது. தொட்டால் விரலில் ஒட்டியது. அதன் மேல் கோழிவலையை இழுத்து ஆணி அடித்தார். நாலுக்கு ஒன்று சிமெண்ட் கலந்து, ஈரம் தாங்கும் பவுடரைப் போட்டுக் குழைத்தார். கலவையை அள்ளி அடித்தால் அடித்த இடத்தில் அப்பிக்கொண்டு நின்றது. மட்டப்பலகையைப் பிடித்து இழுத்தார், கட்டை போட்டுத் தேய்த்தார், கடைசியில் சிமெண்ட் பாலை ஊற்றிக் கரண்டியால் வழித்து வழித்து மினுக்கினார். நாலு நாள் வேலை. சோறு கொண்டுபோய் வைத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

முடிந்ததும் சுவர் தண்ணீர் தெளித்த சிலேட்டு மாதிரி இருந்தது. கறை இல்லை, உப்பு இல்லை. தெருவில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களே வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரசமட்டம் மறுபடி டீக்கடைக்குப் போனார், காலண்டரை நேராக்கினார். இரண்டு வருஷம் துணி திரும்பி வரவில்லை.

நாத்தனார் மட்டும் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, சுவர் ஜில்லுன்னு இருக்குடா."

"வெயில் காலத்துக்கு நல்லதுதானே அக்கா?"

"நல்லதுதான். முதுகு வலிக்கு இதமா இருக்கு. ஆனா உள்ள ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு. கையை வச்சா தெரியுது."

"காது கேக்காதவங்களுக்குக் கையில கேக்குதாக்கும்?" என்று ரசமட்டம் சிரித்தார். நாத்தனாரும் சிரித்தாள். தையல்காரி சிரிக்கவில்லை. அன்றைக்குக் காலையில் கட்டிலை நகர்த்திப் பெருக்கும்போது, சுவர் ஓரத்தில் தரை லேசாக எழும்பியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். கட்டிலின் சுவரோரக் கால் இரண்டும் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்திருந்தன. கொத்தனார் பெண்டாட்டிக்கு இவ்வளவு கூடவா தெரியாது? அவர் வேலைக்குப் போன பிறகு பழைய மட்டப்பலகையை எடுத்துச் சுவரில் நிறுத்திப் பார்த்தாள். பலகை நடுவில் முட்டிக்கொண்டது. மேலும் கீழும் இரண்டு விரல் இடைவெளி. சுவருக்கு வயிறு தள்ளியிருந்தது.

சொன்னால் அவர் ஒப்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லாமல் நகராட்சி ஆபீசுக்குப் போனாள். மனு எழுதக் கொடுத்தாள், முத்திரை வாங்கினாள். இன்றைக்கு அவர் இல்லை, நாளைக்கு மீட்டிங், அடுத்த வாரம் வா. ஆறு தடவை அந்தப் படியை ஏறி இறங்கினாள். ஏழாம் தடவை கட்டட ஆய்வாளர் ஒரு வழியாக வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி வந்தும்விட்டார். அன்றைக்குக் கொத்து வேலை இல்லாமல் போனதுதான் வினை. ரசமட்டம் வீட்டில் இருந்தார்.

ஆய்வாளர் முதலில் பக்கத்து வீட்டு வாசலில் நின்று இரண்டு பூட்டையும் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார். பிறகு உள் அறைக்கு வந்தார். நாத்தனார் கட்டிலை விட்டு எழுந்து நின்றாள். அவர் சுவரில் கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார்.

"கண்ணாடி மாதிரில்ல இருக்கு! யார் பூசினது இது?"

"நான்தான் சார்" என்றார் ரசமட்டம். முதுகு நிமிர்ந்துவிட்டது.

"நல்ல வேலை. ஆனா மனுவுல சுவர் வயிறு தள்ளியிருக்குன்னு எழுதியிருக்கே?"

தையல்காரி ஒரு அடி முன்னால் வந்தாள். "ஆமா சார், ரெண்டு விரல் வந்திருக்கு. நானே பலகை வச்சு..."

ரசமட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அடிபட்டது மாதிரி இருந்தது. தன் பலகையை வைத்துத் தன் சுவரை அளந்திருக்கிறாள். பிறகு அவர் ஆய்வாளரிடம் சொன்னார்:

"அந்த இடத்துல பழைய சுவர் பள்ளமா இருந்தது சார். நான் கொஞ்சம் கனமா ஏத்திப் பூசினேன். தெரியாதவங்களுக்கு அப்படித்தான் தெரியும்."

"அப்ப சுவருக்கு ஒண்ணும் இல்லையே?"

"நான் பூசின சுவர் சார். எனக்கப்புறமும் நிக்கும்."

ஆய்வாளர் நின்றபடியே எழுதினார். சுவர் நல்ல நிலையில் உள்ளது, உரிமையாளரே உறுதி கூறினார், மேல் நடவடிக்கை தேவையில்லை. ரசமட்டம் அடியில் கையெழுத்துப் போட்டார். கோடு போட்ட மாதிரி நேரான கையெழுத்து.

ஆய்வாளர் தெருமுனை தாண்டியதும் தையல்காரி புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு தடவை ஏறி இறங்கிக் கூட்டிட்டு வந்தேன். எதுக்கு? உங்க கைவேலைக்கு மார்க் போட்டுட்டுப் போறதுக்கா?"

"ஒரு வெளியாள் முன்னாடி என் வேலையை நொட்டம் சொல்றியே நீ."

"உங்க வேலையை யாரு சொன்னா? உள்ள இருக்கிற சுவரைச் சொன்னேன். அந்த ரெண்டு பேரையும் ஆபீசர் கதவைத் திறக்க வைப்பார்னு நெனச்சேன். நீங்களே போய்ச் சந்தனம் பூசி அனுப்பிட்டீங்க."

"பாத்துக்கறேன் விடு."

"எப்ப? தலையில விழுந்தப்புறமா?"

"பாத்துக்கறேன்னு சொல்றேன்ல!"

கட்டிலில் இருந்து நாத்தனார் கேட்டாள்: "என்ன சொன்னான் அந்த ஆபீசர்?"

தையல்காரி நல்ல காதுப் பக்கம் போய்க் குனிந்து சொன்னாள். "சுவர் நல்லா இருக்காம் அண்ணி."

"அப்படியா? ஒரு நாள் வந்து இங்க படுத்துட்டுப் போகச் சொல்லு."

அதற்கு அடுத்த வாரம் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. துணி காயாமல், விறகு எரியாமல், எங்கே பார்த்தாலும் ஈர வாடை. பக்கத்து வீட்டில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்டது. ரசமட்டம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். இரண்டாம் நாள் அவள் சமைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் உள் அறையில் தூக்குக்குண்டைச் சுவர் மேல் தொங்கவிட்டு நூலையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். இவள் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. குண்டைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார்.

அன்றைக்கு அவள் நாத்தனாரிடம் சொன்னாள். "அண்ணி, கட்டிலை வெளி அறையில போட்டுக்கலாம். மழை விடற வரைக்கும்."

வெளி அறை எட்டடிக்குப் பத்தடி. அதில் தையல் மிஷின், அந்த வாரத்துத் துணிக்கட்டுகள், மிச்ச இடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் படுக்கிற பாய். கட்டில் வர வேண்டுமென்றால் துணிக்கட்டு உள்ளே போக வேண்டும்.

"துணியை எங்க வைப்ப?" என்றாள் நாத்தனார்.

"உள்ள வச்சுக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? அந்தச் சுவரோரம் வச்சா விடியறதுக்குள்ள புள்ளி விழுந்துடும். சனிக்கிழமை வேன்காரன் திருப்பி வீசிட்டுப் போவான். துணி வெளியவே இருக்கட்டும்."

"நீங்க?"

"எனக்கென்ன, கறையா படப்போகுது?"

தையல்காரி இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். சொல்லவில்லை. பாதிக்கு மேல் துணி இன்னும் ஓரம் மடிக்காமல் கிடந்தது, நாள் இரண்டுதான் மிச்சம். நாத்தனார் மாட்டேன் என்றபோது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

நாலாம் நாள் காலையில் மழை விட்டது. பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று வந்தது. தெருவே துணியை வெளியே போட்டது. ரசமட்டம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீ சொன்னது சரிதான்" என்றார்.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். அவரிடமிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.

"எது?"

"இன்னைக்குப் பூச்சைக் கொத்திடறேன். மேல ரெண்டு உத்தரத்துக்கு முட்டுக் குடுத்துட்டு, பூச்சை இறக்கிட்டா உள்ள காத்துப் போகும். அந்த ஆபீசரை மறுபடி கூட்டிட்டு வா. உள்ள இருக்கிறதைக் காட்டுவோம். நானே சொல்றேன் அவர்கிட்ட."

"என்னன்னு?"

"தப்பாச் சொல்லிட்டேன்னு."

அவள் எழுந்து போய் அவருக்கு டீ போட்டாள், சர்க்கரை தாராளமாக. அவர் முட்டுக்கம்புக்கு அலைந்து, நாலு கம்பு தோளில் சுமந்து வந்து சேரும்போது மணி ஒன்றாகிவிட்டது. அதற்குள் நாத்தனார் சாப்பிட்டு முடித்திருந்தாள். ரசத்தில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தடவையும் ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள். இடது பக்கம் ஒருக்களித்து, முதுகைச் சுவருக்குக் கொடுத்து.

ரசமட்டம் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உள் அறை வாசல்வரை வந்தார். அக்கா தூங்குவதைப் பார்த்து நின்றார்.

"எழுப்பட்டுமா?" என்றாள் தையல்காரி.

"வேண்டாம். மூணு நாளா மழை வாடையில இருமிக்கிட்டே கிடந்துச்சு. இப்பத்தான் தூங்குது. ஒரு மணி நேரம்தானே, எந்திரிக்கட்டும். கொத்தினா தூசி பறக்கும்."

கொல்லையில் கல்லில் உட்கார்ந்து உளியைத் தீட்ட ஆரம்பித்தார். உளி கல்லில் உரசும் சத்தத்தோடு இவள் மிஷின் ஓடியது. எத்தனை ஓரம் மடித்தாளோ தெரியாது. நடுவில் ஒரு சத்தம் கேட்டது. யாரோ காய்ந்த ரொட்டியைக் கடிப்பது போலச் சின்னச் சத்தம். தலையைத் தூக்கினாள். உள் அறையில், சுவரும் கூரையும் சேருகிற இடத்திலிருந்து மாவு மாதிரி தூசி ஒழுகிக்கொண்டிருந்தது, வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

"அண்ணி!"

நாத்தனார் அசையவில்லை. நல்ல காது தலையணையில் இருந்தது.

"அண்ணி! அண்ணி! எந்திரிங்க!"

மடியில் கிடந்த விரிப்பு காலில் சுற்றிக்கொண்டது. உதறிவிட்டு ஓடினாள். வாசற்படியில் கால் வைக்கும்போது சுவர் வந்தது. செங்கல் செங்கலாக வரவில்லை. முழுச் சுவரும் ஒரே பலகையாகக் குனிந்து, கட்டிலின் மேல் படுத்தது. அதற்குப் பின்னால் சேறும் கல்லும் கருத்து ஊதிய பேப்பர் கட்டுகளும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்து வந்தன.

ரசமட்டம் கையில் உளியோடு வந்து நின்றார். அவருடைய பூச்சு கோழிவலையோடு ஒரே ஏடாகக் கிடந்தது. அவ்வளவு பாரம் மேலே விழுந்தும் நடுவில் ஒரு இடத்தில்தான் உடைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் மினுங்கியது.

தெரு ஆட்கள் ஓடி வந்தார்கள். பூச்சு ஏட்டைத் தூக்கப் பத்துப் பேர் தேவைப்பட்டது. ஈரப் பேப்பரைக் கையால் அள்ளி அள்ளி வீசினார்கள். நாத்தனாரை வெளியே எடுத்தபோது முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை, தூங்குகிறவள் மாதிரிதான் இருந்தாள். கழுத்துக்குக் கீழே பார்க்க முடியவில்லை. தையல்காரி வெளி அறைக்குப் போய், தைத்து மடித்து வைத்த கட்டின் மேலிருந்து ஒரு விரிப்பை உருவி வந்து போர்த்தினாள். கொஞ்ச நேரத்தில் அதில் கறை பட ஆரம்பித்தது.

சாயங்காலத்துக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது, அதே கட்டட ஆய்வாளர் பழைய காகிதத்தோடு வந்தார், அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சாவியோடு வந்தார்கள். இந்தப் பக்கம் சுவர் இருந்த இடத்தில் லாரி நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. அவர்களோ அந்தப் பக்கம் தெருவில் நின்று பூட்டோடு மல்லுக்கட்டினார்கள். துரு ஏறியிருந்தது. யாரோ எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடைசியில் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. இருவரும் தங்கள் வீட்டுக்குள் நுழைந்து, ஓட்டைக்கு அந்தப் பக்கம் வந்து கைகட்டி நின்றார்கள். அண்ணன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் பூச்சு ஏட்டின் ஓரத்தைக் குனிந்து பார்த்தார். விரலால் வலையைச் சுண்டினார். பின்னால் ஒட்டியிருந்த களிமண்ணைக் கிள்ளி உருட்டினார்.

"யார் பூசினது இது?"

பதில் அவருக்குத் தெரியாமல் இல்லை. எழுதுவதற்காகக் கேட்டார்.

"அது பழைய பூச்சு சார்" என்று அவசரமாகச் சொன்னாள் தையல்காரி. "எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க..."

"நான்தான் சார்" என்றார் ரசமட்டம்.

"என்ன கலவை?"

"நாலுக்கு ஒண்ணு. ஈரம் தாங்கற பவுடர் போட்டேன். வலை அடிச்சேன்."

"பூசினப்போ உள்ள ஈரம் இருந்ததா?"

"இருந்தது சார்."

"களிமண் வச்சுக் கட்டின சுவர். ஒரு பக்கம் தண்ணி ஏறுது. இந்தப் பக்கம் சிமெண்ட் போட்டு அடைச்சா உள்ளயே ஊறிச் சேறாயிடும். நீங்க அனுபவப்பட்ட கொத்தனார். மண் சுவருக்கு இது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஓட்டைக்கு அந்தப் பக்கம் தம்பிக்காரர் தலையை நீட்டினார்.

"தெரியும் சார்."

தையல்காரி அவரைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அவர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்ததெல்லாம் பெருமையில் என்றுதான் நினைத்திருந்தாள். தினம் வேலை முடிந்து வந்ததும் நேராக உள் அறைக்குப் போய்க் கையை வைப்பார். அது எதற்கு என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் வந்தது. இரண்டையும் செய்யவில்லை.

ஆய்வாளர் எழுதினார். தம்பிக்காரர் பின்னால் நகர்ந்து நின்று அண்ணன்காரர் காதில் ஏதோ சொன்னார். அண்ணன்காரர் தலையாட்டினார். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் பேச்சு தொடங்கிவிட்டது.

"இதுல சாட்சியா நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்மா. உங்க வீட்டுக்காரர் சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். கை வெள்ளை நூல் பிசிறாக இருந்தது. "இன்னும் இருக்கு சார், அதையும் எழுதுங்க. அந்தக் கதவுல ரெண்டு பூட்டு இருந்தது. திறந்து விடச் சொல்லி ரெண்டு பேர் காலுலயும் விழாத குறையாக் கேட்டோம். அதை எழுதுங்க. அப்புறம், துணியில புள்ளி விழக் கூடாதுன்னு நான்தான் அண்ணியை இந்தச் சுவரோரம் படுக்க விட்டேன். அதையும் எழுதுங்க."

ஆய்வாளர் காகிதத்தைப் பார்த்தார். அச்சடித்த கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன.

"அதெல்லாம் எழுத இதுல இடம் இல்லம்மா" என்றார்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. சனிக்கிழமை என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. ஆய்வாளர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், புருஷன் பெயருக்குக் கீழே, அவள் கையெழுத்துப் போட்டாள்.